போர் போடாமல் ஒரு புதுவீட்டுத் தோட்டம்

புதுவீடு கட்டிக் குடிபோகிறவர்கள் எல்லாருக்கும் வீட்டைச் சுற்றி நாலு செடி, ரெண்டு மரம் வைக்கணும் என்கிற ஆசை இருக்கிறது. எங்கள் அய்யலூர்ப் பக்கம் அந்த ஆசையை வெளியே சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, "போர் போட்டாச்சா?" என்பதுதான். போர் இல்லாத வீட்டில் தோட்டம் வராது என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். போர் இல்லாமலே மூன்று கோடையைத் தாண்டி வந்த ஒரு சின்னத் தோட்டத்தின் கணக்கை இங்கே எழுதுகிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், தோட்டம் போட நினைத்துத் தண்ணீருக்குப் பயந்து நிற்பவர்களுக்கும் இது உதவும்.

அய்யலூர், திண்டுக்கல்–திருச்சி நாற்கரச் சாலையில் வடமதுரையைத் தாண்டி இருக்கிற பேரூர். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையும், தக்காளிச் சந்தையும்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைக் காட்டிக் கொடுப்பவை. மண் செம்மண், சரளை கலந்தது. அதற்குக் கீழே கடினப் பாறை. பாறை இடுக்கில் ஊறல் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒருத்தர் 700 அடி இறக்கினார். வெறும் புகைதான் வந்தது. அவர் அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு இருப்பது ஐந்து சென்ட். 2022 தை மாதம் குடிபுகுந்தோம். நான், வீட்டுக்காரர், அத்தை, மகள் என்று நாலு பேர். வீட்டுக்காரர் போர் போட்டே ஆகணும் என்று நின்றார். மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்கடன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. "ஒரு வருசம் பொறுங்க, வீட்டுக்குள்ள வந்துட்டு வெளியே போற தண்ணி எவ்வளவுன்னு முதல்ல அளந்து பார்ப்போம்" என்றேன். அந்த அளவெடுப்பில்தான் எங்கள் தோட்டம் தொடங்கியது.

தண்ணீரை அளப்பது எப்படி?

இதற்கு ஒரு வாளியும் ஒரு நோட்டும் போதும். ஒரு வாரம் எழுதினோம். நாலு பேர் குளிக்க ஆளுக்கு ரெண்டு வாளி, வாளி 15 லிட்டர், ஆக 120 லிட்டர். அரிசி, காய் கழுவவும் பாத்திரம் துலக்கவும் 40 லிட்டர். மொத்தம் ஒரு நாளைக்கு 160 லிட்டர். துணி துவைக்கிற தண்ணீரை இதில் சேர்க்கவில்லை. சோப்புத்தூளில் இருக்கிற உப்பு மண்ணை இறுக்கிவிடும், அதைத் தனியாக விட்டுவிட்டோம். கழிப்பறைத் தண்ணீர் தொட்டிக்கே போகணும், தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது.

அடுத்தது மழைக்கணக்கு. எங்கள் மொட்டைமாடி 800 சதுர அடி, அதாவது சுமார் 74 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 74 லிட்டர் மாடியில் விழுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 47,000 லிட்டர் எங்கள் தலைக்கு மேலே வந்து இறங்குகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே ஆணை வந்துவிட்டது. பல வீடுகளில் அது ஒரு குழாய்த் துண்டாக மட்டும் நிற்கிறது.

47,000 லிட்டரையும் தேக்கி வைக்க யாராலும் முடியாது. 5,000 லிட்டருக்கு ஒரு தரைத்தொட்டி கட்டினோம். போர் போடுவதற்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகவில்லை. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர், ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாக மண்ணுக்குள்ளே இறங்குகிறது. முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் மாடியைக் கழுவ விட்டுவிட வேண்டும்.

எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு தோட்டம்?

எங்கள் பக்கத்து வெயிலுக்குக் கோடையில் காய்கறிப் பாத்தி ஒரு சதுர அடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் தண்ணீர் கேட்கும். 100 சதுர அடிப் பாத்திக்கு 50 லிட்டர். தொட்டியில் இருக்கிற 5,000 லிட்டரை 50-ஆல் வகுத்தால் 100 நாள். தை பாதியில் மழை ஈரம் காய ஆரம்பிக்கிறது. அங்கிருந்து நூறு நாள் எண்ணினால் சித்திரை வந்துவிடும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊருக்குக் கோடைமழை ரெண்டு மூன்றாவது கிடைக்கும்.

கணக்கு அங்கேயே தெளிந்துவிட்டது. கோடையில் எங்கள் வீட்டுக்கு 100 சதுர அடிக் காய்கறிதான் கட்டுப்படியாகும். மழைக்காலத்தில் 300 சதுர அடி வரைக்கும் போகலாம். குளித்த தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் மரங்களுக்கு. மழைத்தண்ணீர் காய்கறிக்கு, கீரைக்கு. இப்படிப் பிரித்தால் சோப்பு கலந்த தண்ணீர் நாம் பறித்துச் சமைக்கிற கீரையில் படாது. அத்தை அரப்பும் சீயக்காயும்தான் தேய்ப்பார். நாங்களும் முடிந்த அளவுக்கு அதற்கு மாறினோம்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் தென்னை வேண்டாம் என்று முடிவு செய்தோம். புதுவீடு என்றால் வாசலில் ஒரு தென்னை வைப்பது வழக்கம். ஆனால் கோடையில் ஒரு தென்னை நாளுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். எங்கள் காய்கறிப் பாத்தி மொத்தத்துக்கும் உள்ள பங்கு அது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் மாவட்டத்தில் காய்ந்து நின்ற தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு கட்டின இடத்தில் மண் இருக்காது

காலிமனையில் தோட்டம் போடுவதும், வீடு கட்டி முடித்த மனையில் தோட்டம் போடுவதும் ஒன்றில்லை. வானம் தோண்டும்போது அடியில் கிடந்த சத்தில்லாத மண் மேலே வந்துவிடும். பல வருசம் சருகு விழுந்து, மண்புழு ஓடிச் சேர்ந்த மேல்மண் அடியில் புதைந்துபோகும். அதற்கு மேலே சிமெண்டுப் பால், ஜல்லித் துண்டு, செங்கல் உடைசல், பெயிண்ட் டப்பா.

அதனால் வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானம் பறிக்கும் முன்னாடியே மேலே உள்ள ஒரு அடி மண்ணைச் சுரண்டி ஒரு மூலையில் குவித்து வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யச் சொன்னபோது மேஸ்திரி சிரித்தார்.

"என்னக்கா, சிமெண்டு மூட்டைய மழையில விட்டுட்டு மண்ணைப் போய்ப் பொத்தி வைக்கச் சொல்றீங்க!"

"சிமெண்டு கடையில கெடைக்கும் தம்பி. இந்த மண்ணு எந்தக் கடையில கெடைக்கும்?"

அந்தக் குவியல் மேல் கொள்ளு விதைத்துவிட்டோம். எட்டு மாதமும் பச்சை மூடியபடியே இருந்தது. வேலை முடிந்ததும் சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, கலவை போட்ட இடத்தை அரை அடி சுரண்டி வெளியே தள்ளிவிட்டு, குவித்த மண்ணைத் திரும்பப் பரப்பினோம்.

மேல்மண்ணை ஒதுக்காமல் வீடு கட்டி முடித்தவர்களும் மனசு விட வேண்டாம். எங்கள் ஊருக்கு வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம் கடவூரில், சுருமான்பட்டியில் நம்மாழ்வார் அய்யா 2009-ல் வானகத்தைத் தொடங்கினார். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கல்லும் சரளையுமாகக் கிடந்த வறண்ட நிலம். அங்கே மழைத்தண்ணீரைத் தடுத்து நிறுத்தி, மண்ணை மூடாக்குப் போட்டு மூடி, மரத்தை வளர்த்துக் காட்டினார்கள். 2013 டிசம்பர் 30 அன்று அய்யா மறைந்தபோது அவரை விதைத்ததும் அந்த மண்ணில்தான். நல்ல மண் கிடைத்தால் தோட்டம் போடலாம் என்று காத்திருக்காமல், இருக்கிற மண்ணை நல்ல மண்ணாக்குகிற வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சாட்சி அது.

முதல் விளைச்சல் மண்தான்

தை முதல் பங்குனி வரைக்கும் நாங்கள் ஒரு செடியும் வைக்கவில்லை. இடிபாடு பொறுக்கினோம், குழி எடுத்தோம், எரு சேர்த்தோம். ஆட்டுச்சந்தை ஊரில் ஆட்டுப்புழுக்கைக்குப் பஞ்சமில்லை. "ஆட்டு எரு அவ்வாண்டு, மாட்டு எரு மறுவாண்டு" என்று நம் பெரியவங்க சொல்வார்கள். புழுக்கையை அப்படியே போடாமல் தொழுஎருவோடு சேர்த்து, ஈரம் காட்டி, ரெண்டு மாதம் மக்க வைத்துப் போட்டோம்.

சித்திரைக் கடைசியில் மழை விழுந்ததும் பலதானிய விதைப்பு. ஏக்கருக்கு 25 கிலோ என்ற கணக்கில் சென்ட்டுக்குக் கால் கிலோ வருகிறது. எங்கள் திறந்த இடம் ரெண்டு சென்ட்டுக்கு அரைக் கிலோ. சோளம், கம்பு, தினை, சாமை என்று தானியம் நாலு. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு என்று பயறு நாலு. எள், நிலக்கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி என்று எண்ணெய் வித்து நாலு. சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி, அகத்தி என்று பசுந்தாள் நாலு. கடுகு, மல்லி, வெந்தயம், சீரகம் என்று நறுமணப் பயிர் நாலு. எல்லாம் நம்ம அஞ்சறைப் பெட்டியிலும் விதைக்கடையிலும் கிடைப்பவைதான். 50-ஆம் நாள் வாக்கில் பூவெடுக்கும்போது பிடுங்கி மண்ணிலேயே மடக்கிவிட்டோம். தெருவில் போகிறவர்கள், "வளர்ந்த பயிரை ஏன் மதினி அழிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். அடுத்த மழைக்கு அதே மண்ணில் விரல் விட்டால் விரல் இறங்கியது. மண்புழு எரு தெரிந்தது. அதுதான் எங்கள் முதல் அறுவடை.

மாதம் ரெண்டு முறை அமிர்தக் கரைசல். ஒரு கிலோ பசுஞ்சாணி, ஒரு லிட்டர் மாட்டுக் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், 10 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் வைத்து மூன்று முறை கலக்கிவிட்டு, ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து ஊற்றினால் போதும். அதைவிட முக்கியம் மூடாக்கு. கடலைத்தோல், சோளத்தட்டை, வாழைச்சருகு எது கிடைத்தாலும் அரை அடிக்குப் பரப்பிவிடுவோம். மூடாக்கு இல்லாத பாத்தி சித்திரை வெயிலில் காலையில் விட்ட தண்ணீரைச் சாயங்காலத்துக்குள் ஆவியாக விட்டுவிடும்.

எந்த இடத்தில் எந்த மரம்?

மேற்கு வெயில்தான் எங்கள் ஊரில் சுவரையும் சுடும், செடியையும் சுடும். அதனால் மேற்கே முருங்கையும் அகத்தியும். அகத்தி மூன்று நாலு மாதத்தில் கீரை தரும். முருங்கைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 விதை போட்டால் ஆறு மாதத்தில் காய். வேடசந்தூர், அரவக்குறிச்சிப் பக்கத்து மரமுருங்கையின் போத்து வைத்தால் காய்க்கத் தாமதமாகும், ஆனால் வருசக்கணக்கில் நிற்கும். நாங்கள் ஒவ்வொன்றும் ஒன்று வைத்தோம்.

அடுப்படித் தண்ணீர் விழுகிற இடத்தில் வாழை வட்டம். ஆறடி அகலத்தில் வட்டக்குழி, நடுவில் இரண்டரை அடி ஆழம். குழியில் சருகு, காய்த்தோல், மக்குகிற குப்பை எல்லாம். கரையைச் சுற்றி நாலு வாழை, இடையில் சேப்பங்கிழங்கு. பக்கத்துச் சிறுமலை வாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அது மலைக்குரிய வாழை. சமவெளியில், தண்ணீர் குறைந்த இடத்தில் கற்பூரவல்லி தாங்கும். அதைத்தான் வைத்தோம். குளியலறைத் தண்ணீர் முதலில் கல்வாழை வைத்த மணல்குழியில் இறங்கி, அங்கிருந்து வாய்க்காலில் மரங்களுக்குப் பிரிகிறது.

பழத்துக்கு ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு சீத்தா, ஒரு நெல்லி, மூன்று பப்பாளி. மரக்கன்றுகளைப் புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் நேரம் நட்டோம். அப்போது நட்டால் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும், கோடைக்குள் வேர் இறங்கிவிடும். மாசியில் நட்டுவிட்டு வைகாசி வரை குடம் தூக்குவது வீண்பாடு. சுவரிலிருந்து எட்டடி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி வைத்தோம். நத்தம் மாம்பழம் பக்கத்தில் இருந்தும் மா வைக்கவில்லை, ஐந்து சென்ட்டில் அதற்கு இடம் போதாது.

சீத்தா எங்கள் பக்கத்துக் கரட்டில் தானாக முளைத்துக் கிடப்பது. முதல் கோடை மட்டும் தண்ணீர் காட்டினோம், அதோடு சரி. புது இடத்தில் என்ன மரம் வைப்பது என்று குழம்புகிறவர்கள் முதலில் ஊரைச் சுற்றிக் கரட்டைப் பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது நிற்கிறதோ, அது உங்கள் வீட்டிலும் நிற்கும்.

காய்கறி: சந்தைக்கு வராததை முதலில்

தக்காளி ஊரில் இருந்துகொண்டு நான் வீட்டில் தக்காளிக்கு ரெண்டே ரெண்டு செடிதான் வைக்கிறேன். விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடத் தேறாமல் எங்கள் சந்தையில் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிற உழவர்களைப் பார்க்கிறோம். அதே தக்காளி 2023 ஜூலையில் நாடு முழுக்கக் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தை வீட்டுத்தோட்டம் சரிசெய்யாது. அது உழவர்கள் ஒன்றுசேர்ந்து விலை கேட்க வேண்டிய விசயம். வீட்டுத்தோட்டம் வேறொரு வேலையைச் செய்யும். சந்தைக்கு வராததை, வந்தாலும் மருந்தடித்து வருவதை நம் தட்டில் சேர்க்கும்.

அதனால் முதல் இடம் கீரைக்கு. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, வேலியில் தூதுவளை, பிரண்டை, கோவக்காய். ஆடிப்பட்டத்தில் அவரை, கொத்தவரை, வெண்டை, பூசணி, பீர்க்கை. கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நட்டோம். ஆடியில் போட்ட அவரைப் பந்தல் மார்கழி, தையில் கொட்டித் தீர்க்கும். தைப்பட்டத்தில் பாத்தியைச் சுருக்கி, வெண்டை, கத்தரி, கீரை மட்டும். விதை எல்லாம் நாட்டு விதை. விதைத் திருவிழாக்களில் கைமாற்றிக்கொண்டது. ஒவ்வொரு செடியிலும் முதல் நல்ல காயை விதைக்கு விட்டு, சிவப்புத் துணி கட்டி விடுவார் அத்தை. மகள்கூட அதைப் பறிக்க மாட்டாள்.

மயிலும் மாவுப்பூச்சியும்

எங்கள் ஊரை ஒட்டிக் காடு. அய்யலூர் வனச்சரகத்தில் தேவாங்கு இருக்கிறது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்கு ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்கிற உயிர், உழவருக்குக் கூலி கேட்காத வேலையாள். எங்கள் வீட்டுக் கொய்யாவுக்குத் தேவாங்கு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தடிக்காத தோட்டத்துக்குக் கரிச்சான், ஓணான், பொறிவண்டு, குளவி எல்லாம் வருகின்றன.

பப்பாளியில் மாவுப்பூச்சி வந்தால் பதற வேண்டாம். 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் அழித்த பூச்சி அது. எந்த விஷத்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி இன்னும் நம் காட்டில் இருக்கிறது. நாம் விஷம் அடித்தால் முதலில் சாவது அதுதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தாலே போதும்.

மயில்தான் பெரிய சோதனை. முதல் ஆடியில் முளைத்த வெண்டையை ஒரே காலையில் கொத்திவிட்டுப் போனது. தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது, அடிக்கக் கூடாது, அடிக்கவும் மனசு வராது. விதைத்த பாத்தி மேல் கருவேல முள்ளைப் பரப்பி, செடி ஒரு சாண் வளர்ந்த பிறகு எடுக்கிறோம். பந்தல் காய்க்கு அந்தத் தொந்தரவும் குறைவு.

இப்போது நிலவரம்

வாரத்தில் ஆறு நாள் கீரையும் காயும் வீட்டிலிருந்து. கோடையில் அது மூன்று நாளாகக் குறையும். வெங்காயம், உருளை, தக்காளி இன்னும் சந்தையில்தான் வாங்குகிறோம். பப்பாளி முதல் வருசமே, வாழை ரெண்டாம் வருசம், கொய்யா மூன்றாம் வருசம் வந்தது. எலுமிச்சையும் நெல்லியும் இனிமேல்தான். போன பங்குனியில் தொட்டி ரெண்டு வாரம் முன்னதாகவே காலியானது. பாத்தியில் பாதியைக் காயவிட்டு மரங்களைக் காப்பாற்றினோம். வீட்டுக்காரர் போர் பேச்சை இப்போது எடுப்பதில்லை. இன்னொரு 5,000 லிட்டர் தொட்டி எங்கே கட்டலாம் என்றுதான் டேப்பை வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் நூல்மில் வேலைக்குப் போகிறவர்கள். விடிகாலை வண்டி வந்துவிடும். "எங்களுக்கு எங்கக்கா நேரம்?" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: குளியல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் முடிவில் ஒரு முருங்கை, ஒரு வாழை, ஒரு பப்பாளி வையுங்கள். அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற நேரம் வேண்டாம், நீங்கள் குளித்தாலே போதும். இதுவரை ஏழு வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் புதுவீட்டில் இருந்தால், கன்று வாங்கப் போகும் முன் ஒரு வாரம் வாளியை எண்ணுங்கள். மாடியின் நீள அகலத்தை அளந்து மழைக்கணக்குப் போடுங்கள். அந்த ரெண்டு எண்ணையும் சுவரில் எழுதி வைத்துவிட்டு, அதற்கு எத்தனை மரம், எத்தனை அடிப் பாத்தி என்று பாருங்கள். ஆடிக்கு இன்னும் நாள் இருந்தால் பலதானியத்தை விதைத்துவிடலாம்.